நூற்று எண்பத்தெட்டாவது ரன்

காலி மருந்துப் பெட்டியைப் பிரித்துக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருக்கிறார் அகராதி. அதன் வெள்ளை உட்பக்கம் அவருக்கு வேண்டும். சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவு. ஒரு மயிரிழை கோணினாலும் குப்பைக்குப் போய்விடும். அட்டையின் தலையில் எண், நடுவில் ஒரு சொல்லின் ஒரு பொருள், அடியில் அது எங்கே கிடைத்தது என்ற விவரம். அந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவருடைய காலைப்பொழுது இப்படித்தான் தொடங்குகிறது. அகராதி என்பது அலுவலகத்தார் வைத்த பெயர். கேலிக்கு வைத்ததுதான், ஆனால் அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

பெரிய வார்த்தைகளை அவர் மதிப்பதில்லை. "நீளமா இருக்கிறதெல்லாம் சாதுங்க. ஒரே அர்த்தம், அதோட நிக்கும். இந்தப் பொடிசுங்கதான் ஆளைக் கவுத்துடும்" என்பார். பொடிசுகள் என்றால் ஆங்கிலத்தின் 'ரன்', 'செட்', 'கெட்' வகையறா. ஒவ்வொன்றுக்கும் ஒரு செருப்புப் பெட்டி. 'ரன்' பெட்டியில் நூற்று எண்பத்தேழு அட்டைகள். மனிதன் ஓடினாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன். "தேர்தல்ல நாம நிக்கிறோம், வெள்ளைக்காரன் ஓடுறான் பாருங்க!" என்று தொடையைத் தட்டிச் சிரிப்பார். பெட்டியை மட்டும் யாரும் தொடக்கூடாது. கேட்டால் அவரே அட்டையை உருவிப் படித்துக் காட்டுவார்.

எதிர் மேசையில் புதுசு. வந்து இரண்டு வருஷமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. முன்பு துணிக்கடையில் வேலை பார்த்தவள். அவளிடம் பெட்டியும் கிடையாது, அட்டையும் கிடையாது. வாக்கியத்தை ஒருமுறை முணுமுணுப்பாள், எழுதிவிடுவாள். அது சரியாகவும் இருக்கும். அதுதான் அகராதியின் வயிற்றெரிச்சல். தப்பாக எழுதியிருந்தால் இவளைப்போல் நல்ல பெண் உண்டா என்று அவரே ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டார். "ஏம்மா, எதையும் பார்க்காம எப்படிம்மா எழுதுறே?"

"அதுல என்ன சார் இருக்கு? நாம டீ போடுறோம், சட்டை போடுறோம், சண்டை போடுறோம், பூட்டுப் போடுறோம். அட்டை வச்சுப் பார்த்துக்கிட்டா போடுறோம்?"

அலுவலகமே சிரித்தது. அகராதி பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார்.

எந்தத் தாளும் அச்சுக்குப் போகுமுன் அகராதியின் கையெழுத்து விழவேண்டும் என்பது அங்கே வழக்கம். கடைசிப் பார்வை அவருடையது. அவர் உயிரே அந்தக் கையெழுத்தில்தான் இருந்தது. போன மாதம் ஒரு சிவப்புச் சட்டைக்கான துவைக்கும் குறிப்பு வந்தது. அதில் மூன்றே சொல்லில் ஓர் எச்சரிக்கை: 'கலர்ஸ் மே ரன்'. அகராதி அரை நாள் பெட்டிக்குள் தலையை விட்டார். நிறத்துக்கு ஏது கால், அது எங்கே ஓடும்? கடைசியில் அறுபத்துமூன்றாம் அட்டை கைக்கு வந்தது. நாடகம் நூறு நாள் ஓடுவது, அதாவது நீடிப்பது. 'நிறம் பல நாள் நீடிக்கக்கூடும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மேலாளர் தாளை எடுக்க வந்தபோது புதுசு எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ சார், சாயம் போகும்னு போட்டிருக்காங்க. நாம போகாதுன்னு போட்டுட்டோம்!"

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன சார், சட்டைச் சாயம் போறதுக்குள்ள உங்க சாயம் வெளுத்துப்போச்சே!" சிரித்த வாயோடேயே, இனிமேல் கடைசிப் பார்வையைப் புதுசு பார்க்கட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அகராதி வீட்டில் பொருமித் தீர்த்தார். "துணி மடிச்சு வச்சுக்கிட்டிருந்தவ என் கையெழுத்தைப் பறிச்சுக்கிட்டா!"

மனைவி துவைத்த துணியை உதறிக்கொண்டே, "கல்யாணமாகி ஒருநாளாவது வாளிப் பக்கம் வந்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அந்தப் பொண்ணு கெட்டிக்காரிதாங்க" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் ஓர் அட்டை வெட்டினார். நூற்று எண்பத்தெட்டு: சாயம் போதல். அடியில் கிடைத்த இடத்தை எழுதவேண்டும். பேனா வெகுநேரம் நின்றது. அட்டையில் பொய் எழுதி அவருக்குப் பழக்கமில்லை. எறும்பு மாதிரி எழுத்தில் 'புதுசு சொன்னது' என்று எழுதி, எல்லா அட்டைக்கும் பின்னால் செருகினார்.

நேற்று மேலாளர் வந்து நின்றார். "சார், அந்த ரன் பெட்டி இருந்தா அவங்களுக்கு உதவியா இருக்கும்."

புதுசு எழுந்து வந்தாள். முகத்தில் கேலி இல்லை. "ரெண்டே நாள் குடுங்க சார். உங்க அளவுக்கு எனக்கு எங்க சார் தெரியும்?"

அந்தப் பணிவுதான் அவரைப் பொசுக்கியது. கொஞ்சம் திமிராகக் கேட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது நிம்மதியாக இருந்திருப்பார்.

"இரும்மா, எண்ணித் தர்றேன்" என்று பெட்டியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிக்குப் போனார். ஓர் அட்டையை மட்டும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நூத்தி எண்பத்தேழு இருக்கு" என்று ஒரு கையால் பெட்டியை நீட்டினார். மறு கை சட்டைப் பையை அழுத்திப் பிடித்திருந்தது.