கண்ணூறுக்கு விட்ட சுவர்

லொறிக்காரர் ஆற்றுக்கு அப்பால் இறக்கிவிட்டுப் போனார். கல்பாலத்தால் ரேகன்ஸ்பூர்க்கின் பழைய நகருக்குள் நடந்துகொண்டிருந்தேன். எசன் நகரில் நான் கோப்பை கழுவிய உணவகத்தை மூடிவிட்டார்கள். ஜெர்மனியில் இருந்தாலும் இத்தாலியின் வடகோடி நகரம் என்று இவ்வூரைப் பெருமையாகச் சொல்வார்கள். நான் இத்தாலியைப் பார்த்ததில்லை. ஆனால் குறுகிய சந்துகளில் வீடுகளோடு ஒட்டி நின்ற கோபுரங்களை அண்ணாந்து பார்த்தபடியே போனேன்.

அங்கே மிகப் பழைய விடுதி ஒன்றைத் திருத்திக் கட்டியிருந்தார்கள். திறப்பு நெருங்கியிருந்தது. தூரத்து உறவான அக்கா ஒருவர் அங்கே துப்புரவு வேலை செய்தார். ஆள் தேவை என்று அவர்தான் சொல்லியனுப்பினார். வேலை கிடைத்தால் மேல்மாடத்தில் கட்டிலும் உண்டு. கிடைக்காவிட்டால் ஸ்டேஷன் வாங்கில்தான் படுக்கை. வேறு ஊர்களில் அப்படிப் படுத்திருக்கிறேன்.

மேற்பார்வை செய்யும் அம்மா வாளியும் துணியும் தந்து, முன்மண்டபச் சுவரில் படிந்த கட்டடத் தூசியைத் துடைத்துக் காட்டச் சொன்னார். பால் நிறச் சுவர். நடுவே ஒரு சன்னல் அளவுக்குப் புதுப்பூச்சு இல்லை. கரி, உரிந்த சிவப்பு, பச்சை, ஓரத்தில் கொஞ்சம் நீலம். இவ்வளவு செலவழித்தவர்கள் இதை ஏன் இப்படி விட்டார்கள்?

யோசிக்க விளங்கியது. கட்டுகிற வீட்டுக்குக் கண்ணூறு படாமல் நாங்கள் வைக்கோல் வெருளி கட்டுவோம். வடிவான குழந்தைக்குக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்போம். ஜெர்மன்காரரும் கண்ணூறுக்குப் பயப்படுவார்கள் என்று அன்றுதான் அறிந்தேன். சுவரின் அந்தப் பொட்டையும், அதைச் சுற்றி ஒரு முழத்தையும் தொடாமல் மற்றதைத் துடைத்தேன்.

மேற்பார்வை அம்மா நான் துடைக்காமல் விட்ட தூசியைக் காட்டி, "இது?" என்றார்.

"பார்க்கிறவர்களுக்குப் பொறாமை வராமல் இருக்க" என்று எனது அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன்.

அக்கா என் கையைக் கிள்ளினார். "வாயை மூடும் தம்பி. இஞ்சை என்ன வீடு குடிபூரலே நடக்குது?"

"அப்ப ஏன் அக்கா இதை விட்டு வைச்சிருக்கினம்?"

"எனக்கென்ன தெரியும்? காசு முடிஞ்சிருக்கும்."

வேலைக்குக் கட்டிய சாரத்தின் மேல் இருந்து பாண் தின்றுகொண்டிருந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். பழஞ்சுவர்களைச் சீர்செய்பவள். ஒவ்வொரு காலத்திலும் பூசிய நிறங்களை விருந்தினர் பார்ப்பதற்காக அவள்தான் அந்த இடத்தைத் திறந்து விட்டிருந்தாள். எனக்கு முன் வந்தவன் ஈரத்துணியால் தேய்த்து ஒரு மூலையைக் கரைத்துவிட்டானாம்.

"அறை துடைக்க இவர் சரிவரமாட்டார்" என்றார் மேற்பார்வை அம்மா.

"அப்படியென்றால் எனக்குத் தாருங்கள்" என்றாள் அவள்.

"கட்டில்?" என்று கேட்டேன்.

"கட்டில் இல்லை. கதவு போடாத அறை ஒன்று இருக்கிறது. கூரை உண்டு."

போதும் என்றேன்.

மறுநாள் காலை இரண்டாம் மாடியில், சின்னக் கத்தியோடு ஒரு சுவரின் முன்னால் உட்கார்ந்தேன். வெள்ளையைச் சுரண்ட வேண்டும். நிறம் மாறினால் கையை நிறுத்தி அவளைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. மதியத்துக்குள் மஞ்சள் வந்தது. கூப்பிட்டேன்.