கொடியில் தோற்ற வெள்ளைத் துணிகள்

அருள்புரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு நான் அறிவியல் டீச்சர். கேள்வியையும் பிள்ளைகளே கேட்கட்டும், அதற்கான சோதனையையும் அவர்களே யோசிக்கட்டும் என்று போன வருடம் கிளம்பினேன். ஹெச்.எம். அம்மாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

"வகுப்பாங்க இது? சந்தைக்கடையாட்ட இருக்குது. வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன். உருப்படியா ஒண்ணும் இல்லீன்னா பழையபடி நோட்ஸ் குடுங்க."

நோட்ஸா? நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுத எழுத, இரு தரப்பும் உட்கார்ந்தபடியே தூங்கிய காலம் அது. மறுபடி அங்கே போக மாட்டேன்.

பிள்ளைகள் எடுத்த கேள்வி: வெயிலில் முதலில் காய்வது கறுப்புத் துணியா, வெள்ளையா? பனியன் கம்பெனி ஊரில் துணிக்கா பஞ்சம்? ஆளாளுக்கு, வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். ஒரே அளவில் வெட்டி, ஒரே வாளியில் நனைத்து, ஜோடி ஜோடியாகக் கொடியில் போட்டார்கள். கறுப்புதான் ஜெயிக்கும் என்று முன்கூட்டியே எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். நானும்தான்.

வெள்ளிக்கிழமை ஹெச்.எம். வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு குழுவும் எழுந்து கறுப்பு, கறுப்பு என்றே சொன்னது. பூரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒருத்தருக்குக்கூட வெள்ளை மொதல்ல காயலியா கண்ணு?" என்று முன்பெஞ்சுச் சிறுமியிடம் கேட்டார். அவள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர்.

"காஞ்சுதுங்க, நெறையக் காஞ்சுதுங்க. அதையெல்லாம் ரிஜெக்ட் பண்ணிட்டோமுங்க" என்றாள் பெருமையாக.

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டை வெளியே வந்தது. வெள்ளை முந்திய ஒவ்வொரு ஜோடியிலும், கம்பெனியில் டேமேஜைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்!

"சரக்குப் பாக்க பையர் வர்றப்ப நல்ல பீஸத்தானுங்களே காட்டோணும்?"

சரக்கு வாங்க வருகிற பையர் என்று அவள் சொன்னது ஹெச்.எம்மைத்தான். என் மானம் கப்பலேறியது. அன்று மாலையே சாக்பீஸ் டப்பாவை எடுத்து வைத்து, பழைய நோட்ஸுக்கே திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஹெச்.எம். மூட்டையைப் பிரித்து ஒரு ஜோடியைத் தடவிப் பார்த்தார். "வெள்ளை லேசு. கறுப்பு இத்தன கெட்டி. அப்பறம் எப்படிக் காயும்? இத யாரு கொண்டாந்தது?"

ஆளுக்கு ஆள் அடுத்தவனைக் கைகாட்டினார்கள். ஹெச்.எம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கெட்டி வேறு லேசு வேறாகத் துணிகளைப் பிரிக்க ஆரம்பித்தார். வகுப்பு போட்ட இரைச்சலில் சந்தைக்கடை தோற்றது. அதில் பெரிய சத்தம் அவருடையதுதான்.

மணி அடித்ததும் எழுந்து, கம்பெனி பாஷையிலேயே சொன்னார். "இந்த லாட்டு மொத்தமும் ஃபெயிலு. ரீசெக்கிங் போடுங்க. ரெண்டு துணியும் ஒரே கெட்டியில இருக்கோணும். அடுத்த வெள்ளி மறுபடி வருவேன். ரிஜெக்ட்டையும் சேத்திக் காட்டோணும், ஆமா."

வகுப்பே தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தது. நோட்ஸ் என்ற பேச்சையே ஹெச்.எம். எடுக்கவில்லை; எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை.

செக்கிங்கார அம்மாவின் மகள் என்னை முறைத்தாள். "லாட்டே ஃபெயிலாயிருச்சு. எதுக்குங்க டீச்சர் சிரிக்கறீங்க?"