கோலத்துப் பூவும் மாசிப் பரங்கிக்காயும்

நான் பெருமை பேசுகிறவள்தான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பர்மாவில், ஷ்வேப்யிதாவில் எங்கள் கோயிலின் மாசித் திருவிழாச் சாப்பாட்டில் பரங்கிக்காய்க் கூட்டு விழுந்தால், அந்தக் காய் என் கொல்லையில் காய்த்தது. தொண்ணூற்று மூன்றில் தொடங்கி ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. வேறு யாராவது காய் கொண்டுவந்தால் கோயில் சமையல்காரர் மரியாதைக்கு வாங்கி மூலையில் உருட்டிவிடுவார். அதைப் பார்க்க எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருக்கும்.

நகரத்து நடுவில் பபேடானில் மூன்றாம் மாடியில் ஒரு தொட்டிச் செடிக்கே இடமில்லாமல் இருந்தவர்கள் நாங்கள். தொண்ணூறில் இந்தப் புது ஊரில் மனை கிடைத்து வந்தபோது சுற்றிலும் நெல்வயல். என் வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் ஒரு மர ஆலையில் சேர்ந்தார். நான் வீட்டுக்குப் பின்னால் கொத்த ஆரம்பித்தேன். ஐப்பசியில் மழை விட்டதும் பரங்கி விதை ஊன்றினால் மார்கழியில் பூக்கும், மாசியில் காய் முற்றும். திருவிழாவுக்காகவே படைத்தது போலக் கணக்காக வரும்.

மார்கழியில் இன்னொரு பெருமையும் உண்டு. எங்கள் தெருவில் பன்னிரண்டு தமிழ் வீடுகள். விடியும் முன்னே வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நடுவில் சாணிப் பிள்ளையார் பிடித்து, தலையில் ஒரு பரங்கிப் பூ வைப்பார்கள். அத்தனை பூவும் என் கொல்லைப் பூ. கொடியில் இரண்டு விதமாகப் பூக்கும். நீளக் காம்பில் வெறுமனே நிற்பது ஆண் பூ. அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சோடு வருவது பெண் பூ. பிஞ்சுள்ளதை யாரையும் தொட விடமாட்டேன், காய் போய்விடுமே. ஆண் பூவைக் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பேன். எவ்வளவு கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.

ஆலைகளின் மதிலுக்கு அப்பால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நின்றது. அதன் கிளைகளில் அடை அடையாகத் தேன்கூடு தொங்கும். அந்தத் தேனீக்கள்தான் காலையில் என் கொல்லைக்கு வரும். ஒரு பூவுக்குள் நாலைந்து முண்டியடித்துக்கொண்டு கிடக்கும். நான் பறித்தது போக இலை மறைவில் தப்பிய பூ நாலு இருந்தால் அவற்றுக்குப் போதும். அவை வந்ததை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. காய்த்தது என் கைராசி என்றுதான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

வருடத்துக்கு ஒரு ஆலை எழும்பியது, கூடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இரண்டாயிரத்து எட்டு சித்திரையில் அடித்த புயலில் அந்த மரமே வேரோடு சாய்ந்தது. கூரை போனவர்களும் ஆளை இழந்தவர்களும் இருந்த நேரத்தில் தேன்கூட்டைப் பற்றி யார் நினைப்பார்கள்? நானும் நினைக்கவில்லை. அந்த வருடம் திருவிழா கட்டாயம் நடக்க வேண்டும், சாப்பாடு முன்னைவிட அதிகம் பேருக்குப் போட வேண்டும் என்று கோயிலில் முடிவு செய்தார்கள். நான் எழுந்து நின்று, காய்க்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்கழி பிறந்தது. கொடி கொழுகொழுவென்று படர்ந்து பூத்தது. ஆனால் பிஞ்சுகள் இரண்டு நாளில் மஞ்சளாகி, மூன்றாம் நாள் அழுகி விழுந்தன. முதலில் கண் பட்டுவிட்டது என்று நினைத்தேன். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன். ஓட்டைச் சட்டியில் கரியும் சுண்ணாம்பும் குத்திக் கம்பில் கவிழ்த்து வைத்தேன். சட்டி முறைத்துக்கொண்டு நின்றது, பிஞ்சு விழுந்துகொண்டே இருந்தது.

"ஸேயில ஃபயோந்தி கெடைக்காமலா போச்சு? க்யிம்யிண்டைங் ஸேக்குப் போனா படகு படகா வந்து எறங்குது. வாங்கிக் குடுத்துட்டுப் போ" என்றார் என் வீட்டுக்காரர். ஸே என்றால் சந்தை, ஃபயோந்தி பரங்கிக்காய். கடையில் வாங்கினாலும் அவருக்கு அதுவும் காய்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பர்மியப் பெண்மணி இருந்தார். என்னைவிட மூத்தவர், அதனால் நான் அவரை அமா என்பேன், அக்கா என்று பொருள். அவர் என்னை ஞீமா என்பார், தங்கை. நான் சட்டிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் பர்மிய மொழியில் சொன்னார்: "ஞீமா, கண்ணும் இல்ல, பேயும் இல்ல. என் எலுமிச்சையிலயும் இந்த வருஷம் காய் இல்ல. ப்யா வரலியே, நீ கவனிக்கலியா?"

ப்யா என்றால் தேனீ. நான் நம்பவில்லை. மறுநாள் விடியற்காலை வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கொல்லையில் உட்கார்ந்தேன். பத்து மணிக்குப் பூக்கள் வாய் மூடும்வரை நகரவில்லை. எறும்பு வந்தது, ஒரு கறுப்பு வண்டு வந்தது. தேனீ ஒன்றுகூட வரவில்லை. முந்தின இரண்டு வருடமும் சிவப்பு வண்டு தின்கிறதென்று பூத்து நின்ற கொடியின் மேலேயே மருந்து அடித்தவள் நான். ஆலையையும் புயலையும் மட்டும் திட்டித் தப்பிக்க முடியவில்லை.

ஆண் பூவின் மஞ்சள் பொடியைப் பெண் பூவில் கையால் தடவினால் பிஞ்சு நிற்கும் என்று அமா சொன்னார். அவருடைய ஊரில் பாகலுக்கு அப்படிச் செய்வார்களாம். உடனே கொடியெல்லாம் தேடினேன். பெண் பூ ஏழு நின்றது, ஆண் பூ ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? விடிவதற்குள் பன்னிரண்டு வீட்டுக்கும் நானே பறித்துக் கொடுத்துவிட்டேனே!

அன்று சாயங்காலமே வாசலில் நின்று அறிவித்தேன், நாளையிலிருந்து யாருக்கும் பூ கிடையாது. எதிர்வீட்டு அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மார்கழி மாசத்துல பூ இல்லேங்கிறியே, நல்லா இருக்கா? நீ கோயிலுக்குக் குடுத்துப் பேரு வாங்கணும், எங்க வாசலெல்லாம் மொட்டையா நிக்கணுமா?"

"ஆமா, பேருதான் வாங்கப் போறேன். காய் இல்லாம எலையில பூவையா வைப்பீங்க?" என்று நானும் கத்தினேன். இரண்டு நாள் தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை. பூ இல்லாத சாணி உருண்டைகளைத் தாண்டித் தண்ணீருக்குப் போக எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு அக்காவே வேலியருகில் வந்தார். கோபம் இறங்கவில்லை, புத்தி மட்டும் வேலை செய்திருந்தது. "ஏண்டி, பூவை நாங்க திங்கவா போறோம்? பிள்ளையாருக்கு வெச்சுக் கும்பிட்டதும் எடுத்துக்கிட்டுப் போயேன். உன் பொடி அதுலதானே ஒட்டிக்கிட்டு இருக்கும்!"

எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் பழையபடி பூக் கொடுத்தேன். வெளிச்சம் வந்ததும் மூங்கில் தட்டை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போய், சாணி உருண்டைகளின் தலையிலிருந்து பூவைப் பிடுங்கினேன். பெரிய பூவுக்கு ஒரு பெண் பூ, சின்னதாக இருந்தால் இரண்டு பூவுக்கு ஒன்று என்று தடவினேன். பொங்கலுக்குச் சாணியோடு பூவையும் சேர்த்து வறட்டி தட்டுவது எங்கள் வழக்கம். அதனால் வேலை முடிந்த பூவை அவரவர் வாசலுக்கே திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன்.

"ரெக்க ஒண்ணுதான் கொறை ஒனக்கு" என்று ஆலைக்குக் கிளம்பும்போது சிரித்தார் என் வீட்டுக்காரர்.

நாலைந்து நாளில் நான் போக வேண்டியிருக்கவில்லை. அவர்களே ஏழு மணிக்குப் பூவும் கையுமாக வந்துவிட்டார்கள். ஈரத் தலையில் துண்டு கட்டியவர்கள், தொழிற்சாலை உடுப்போடு கன்னத்தில் தனாக்கா மரச்சாந்து பூசியவர்கள், அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு ஓடி வந்தவர்கள். எதிர்வீட்டு அக்கா தன் பூவை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். தான் தடவிய பிஞ்சின் காம்பில் சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு நிறத் துணி கட்டினார்கள். அமாவும் தன் பழைய லோஞ்சிக் கைலியைக் கிழித்து ஒன்று கட்டினார். காய் நின்றது. சுருங்கி விழுந்தவை போக, மாசியில் பதினேழு காய் முற்றிக் கிடந்தது.

முந்தைய வருடங்களில் நாற்பதுக்குக் குறைந்ததில்லை. ஆனாலும் அந்தப் பதினேழை மூன்று சைக்கா ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தபோது எனக்கு இருந்த மிதப்பு நாற்பதுக்கும் இருந்ததில்லை. தெருவே பின்னால் நடந்து வந்தது. சமையல்காரர் காம்புத் துணிகளைப் பார்த்து, இதென்ன கல்யாணப் பெண்களா என்று கேலி செய்தார். துண்டுகளைச் சின்னதாக நறுக்கி, பாசிப்பருப்பைக் கூட்டிப் போட்டு எல்லாருக்கும் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டார். வாளியை நான்தான் தூக்கினேன். கடைசிப் பந்தி எழும்வரை கூட்டு வந்தது.

பரிமாறியவர்கள் கடைசியில் உட்கார்ந்தோம். என் இலையில் இரண்டு துண்டு விழுந்தது. சோற்றில் பிசையும்போது கூட்டில் தாளித்த நல்லெண்ணெய் வாசனை வந்தது. கை நின்றுவிட்டது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் மார்கழி முடியும்வரை விடியற்காலையில் பாடுபட்டு ஒரு வேளைக் கூட்டுக்குக் காய் சேர்த்திருக்கிறோம். தேனீ இல்லாமல் போனால், மேல் பர்மாவில் மைல் கணக்கில் பூத்து நிற்கிற எள்ளுக்கு யார் போவார்கள்? பருப்புக்கு யார்? பக்கத்து இலையிலிருந்த வெள்ளரிக்காய்க்கு யார்?

பக்கத்தில் அமா, "நல்லா இருக்கு ஞீமா, சாப்பிடு" என்றார். சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான பரங்கிக்காயை நான் அதற்கு முன் தின்றதில்லை. பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இலையில் ஒரு பருக்கைகூட மீதி வைக்காமல் வழித்துச் சாப்பிட்டேன்.