கப்பலேறிய பூனை

எங்கள் பூனை வெள்ளச்சி செத்தபோது மகளுக்கு ஐந்து வயது. அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவள் தூங்கும்போது நானும் கணவரும் அதைத் தாழம்புதர் ஓரம் மணலில் புதைத்தோம். விழித்ததும், "வெள்ளச்சி ஒல்லாந்தர் கப்பல்ல எலி புடிக்கப் போயிருக்கு கண்ணு" என்றேன். அவள் எதுவும் கேட்கவில்லை. சமாளித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மழைக்காலம் முடிந்ததும் கணவரே ஒல்லாந்தர் கப்பலில் வேலைக்குப் போனார். விடியுமுன் கிளம்பியதால் மகளை எழுப்பவில்லை.

"நைனா எங்கம்மா?"

"கப்பல்ல போயிருக்காரு. வந்துடுவாரு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். உள்ளே போய்ப் பால் கலயத்தை எடுத்து வந்தாள்.

"நைனாவ எங்க பொதச்ச? வெள்ளச்சிய பொதச்சத நான் பாத்துட்டேன். நான்தான் அதுக்குப் பால் ஊத்துனேன். நைனாவுக்கும் ஊத்தணும்ல?"

பூனை செத்தது உண்மை, நைனா கப்பலில் போனதும் உண்மை என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். மெல்லக் கலயத்தைக் கீழே வைத்தாள்.

கப்பல் திரும்பவேண்டிய காலம் தாண்டிவிட்டது. "நைனா வருவாரா?" என்று தினமும் கேட்கிறாள். "வருவாரு" என்கிறேன். இப்போது அவள் அப்படியே நம்புகிறாள். பூனை விஷயத்திலாவது, நான் சொல்வது பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தது.