ஏலம் போன வீட்டின் மிச்சம்

வக்கீல் ஆபீஸ் கடிதம் கொண்டு போகிறவனுக்கு ஊரில் எல்லா வீடும் பூட்டித்தான் இருக்கும். எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் கோலா சிலாங்கூரில் அந்த வேலை பார்த்தேன். தவணை கட்ட முடியாமல் ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யாராவது இதைப் படித்தால் சொல்லிவிடுகிறேன்: மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே வெயிலில் நின்றவனுக்கும் அது சுகமான நேரம் இல்லை.

கதவைத் திறந்தவர்

கணேசன் அண்ணன் ஒருத்தர்தான் முதல் தட்டலிலேயே கதவைத் திறந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். கூட ஓட்டிய கூட்டாளி ஒருவன் சொந்த லோரி வாங்கக் கடன் எடுத்தபோது இவர் ஜாமீன் நின்றார். தொழில் படுத்ததும் கூட்டாளி ஊரைவிட்டே போய்விட்டான். நான் கொண்டு போனது அண்ணனைத் திவால் ஆக்கும் நோட்டீஸ். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டுப் பேனாவை நீட்டினேன். அவர் மனைவி தனலெட்சுமி அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பேனாவுக்குக் கை நீட்டினார்.

“ஒரு கையெழுத்தாலதான் தம்பி இந்த நிலைமை. இன்னொண்ணு போட்டா என்ன ஆயிடப் போவுது, குடுங்க லா.”

ஆளைத் தேடி

வீட்டுக் கடன் தவணையும் நின்றுபோய், சில மாதங்களில் அவர்கள் வீடும் ஏலம் போனது. குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வருஷம் கழித்து வக்கீல் என்னைக் கூப்பிட்டார். வீடு நல்ல விலைக்குப் போயிருக்கிறது, வங்கி தன் வீட்டுக் கடனை எடுத்தது போக மிச்சம் இருக்கிறது, வங்கி அனுப்பிய கடிதம் ஆள் இல்லை என்று திரும்பிவிட்டது, நீ போய்த் தேடு என்றார். புதுக் கடிதத்தை டைப் அடித்த ஆபீஸ் பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

“பணம் கொடுக்க வந்திருக்கேன்னு நீங்க சொன்னா, அண்ணே, இன்னும் வேகமா ஓடுவாங்க.”

கிராணியின் கண்ணாடி

அவள் சொன்னது சரி. பழைய லோரிக்காரர்களிடம் விசாரித்து, பத்தாங் பெர்ஜுந்தை தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி என் பையைப் பார்த்ததுமே, “அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல. இருந்தாலும் இல்ல,” என்றார்.

வேறு வழியில்லாமல் கடிதத்தையே அவரிடம் காட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு எழுந்து வந்து, தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மூன்றாவது லயத்தில் கடைசி வீடு என்று கை நீட்டிக் காட்டினார்.

“இத்தனை வருஷமா பேங்குக் கடுதாசி படிச்சுச் சொல்றேன், திருப்பித் தர்றேன்னு ஒண்ணு வந்து இப்பத்தான் பாக்குறேன்.”

பாதி

அந்த வீட்டில் இருவரையும் பார்த்ததும் ஒரு தப்புச் செய்தேன். மிச்சம் எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிட்டேன். ஆறாயிரத்துச் சொச்சம் மலேசிய வெள்ளி. கணேசன் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. பழைய லோரி ஒன்று விலைக்கு வருகிறது, முன்பணம் கட்டினால் போதும் என்று பேசிக்கொண்டே போனார். அதற்குப் பிறகுதான் மீதியைச் சொன்னேன்: வீடு இருவர் பேரிலும் இருந்தது; திவாலானவருடைய பாதி நேராகத் திவால் இலாகாவுக்குப் போய்விடும்; அக்காவின் பாதி மட்டும் அக்கா கைக்கு வரும்.

அண்ணன் விடவில்லை. “சரி, போகட்டும். அவ பாதியை வச்சு லோரிக்குக் கட்டிரலாம்,” என்றார். பால் வெட்டிவிட்டு வந்த உடுப்போடு நின்றிருந்த அக்கா தலைத்துண்டை அவிழ்த்தார். குரலை உயர்த்தவில்லை. அடுத்து அவர் கேட்ட கேள்வியை அந்த ஒரு வருஷமும் கேட்டதே இல்லை என்பது அண்ணன் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது.

“கூட்டாளிக்கு ஜாமீன் போட்ட அன்னிக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

வங்கியில்

அடுத்த வாரம் அக்கா பஸ் ஏறி எங்கள் ஆபீசுக்கு வந்து காசோலையை வாங்கிக்கொண்டார். தன் பேரில் கணக்குத் திறக்க வேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டார். நடந்தே வங்கிக்குப் போனோம். இந்தப் பணம் அண்ணன் கைக்குப் போனால் இலாகா அதையும் கேட்குமா என்று வழியில் விசாரித்தார். கேட்கலாம் என்றேன். தலையாட்டினார். அரசாங்க மலிவு வீடு ஏதாவது விண்ணப்பத்துக்கு வந்தால் சொல்லச் சொன்னார். இந்தத் தடவை தன் பேரில் மட்டும் வாங்கப் போகிறாராம்.

வங்கி அதிகாரி பாரத்தை நிரப்பிக்கொண்டே, கணவர் பேரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டார். அக்கா கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். கணேசன் அண்ணனும் அக்கா வந்த பஸ்ஸிலேயே வந்து, எங்கள் பின்னால் நடந்து, உள்ளே வராமல், வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் குந்தியிருந்தார்.

“வேணாம் சார், அவரு பேரு இதுல வந்தா இதுவும் போயிரும், அவரை நான் பசியாறக் கூட்டிட்டுப் போறேன், அது போதும்.”

அன்று அவர்களோடு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத் தாமதமாகப் போனதற்கு ஆபீசில் அரைநாள் சம்பளம் பிடித்தார்கள். அந்தத் தொழிலில் நான் வருத்தப்படாமல் இழந்த சம்பளம் அது ஒன்றுதான்.