இடக்கை ஜொய்சியின் சாட்சி வெடி

வெள்ளைப் பலூனைத்தான் ஜொய்சி முதலில் கட்டுவாள். மற்றப் பலூன்களைப் புருஷன் றொஜன் ஊதிக் கொடுக்கக் கொடுக்கப் பலகையில் வரிசையாகக் குத்திக்கொண்டு போவாள். சிவப்போ மஞ்சளோ, அவளுக்குக் கவலையில்லை. வெள்ளையை மட்டும் தானே ஊதி, தானே முடிச்சுப் போட்டு, நட்டநடுவில் தொங்கவிடுவாள். அதை வேறு ஒருவரும் சுடக்கூடாது. அது சாட்சி வெடிக்குரியது.

பலூன் சுடுகிற கடைக்காரனைச் சனம் எங்கே நம்பியது? துவக்குக் குழலை வளைத்து வைத்திருக்கிறான் என்றுதான் சொல்லும். அந்த வாயை அடைக்கத்தான் ஜொய்சியின் தகப்பன் இந்த வழக்கத்தைத் தொடக்கினார். கடை திறந்தவுடன், எல்லாரும் பார்த்து நிற்க, கடைக்காரரே வெள்ளைக்குக் குறி பார்த்து ஒரு வெடி வைக்க வேண்டும். வெள்ளை உடைந்தால் துவக்கு நேர். தவறினால் அன்று முழுக்கச் சனம் காசில்லாமல் சும்மா சுடலாம். தகப்பன் போனபிறகு சாட்சி வெடி மகளுடையது. ஊர்காவற்றுறையில் மாதா திருநாள் என்றாலும் நயினாதீவில் அம்மன் திருவிழா என்றாலும் அவள்தான் முதலில் சுடுவாள்.

ஆள் நெடுவல், ஒல்லி. தையற்காரர் ஊசியைக் கவ்வி வைத்திருப்பதுபோல ஈயக் குண்டொன்றை எந்நேரமும் உதட்டோரத்தில் கவ்வியிருப்பாள். கதைப்பதும் அதோடுதான், விலை பேசுவதும், சண்டை பிடிப்பதும் அதோடுதான். "ஈயம் நஞ்சப்பா, துப்பும்" என்று றொஜன் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனான்.

சுடுவது இடக்கையால். சோற்றுக்கும் சிலுவை போடுவதற்கும் மட்டும் தாய் அடித்து வலக்கையைப் பழக்கினாள். மிச்ச வேலையெல்லாம் இடக்கை தானாகப் பழகிக்கொண்டது. ஆனாலும் துவக்கை ஆட்களிடம் நீட்டும்போது வலக்கைக்கு மாற்றித்தான் நீட்டுவாள். இடக்கையால் நீட்டின துவக்கை வாங்கினால் குறிக்குப் போகாது என்று தீவுச் சனத்துக்கு ஓர் எண்ணம். ஜொய்சி அதற்கு முகம் சுளித்ததில்லை. "சுடுறதுக்கு என்ரை கை. குடுக்கிறதுக்கு ஊரின்ரை கை" என்பாள்.

போன மாரியில் வந்த காய்ச்சல் மற்ற இடமெல்லாம் விட்டு, அந்த இடக்கை மணிக்கட்டில் போய்க் குந்திக்கொண்டது. தகப்பனின் துவக்கோ கருங்காலிக் குற்றி மாதிரிப் பாரம். இந்த வருடத்தின் முதல் திருநாளில் வெள்ளை தப்பியது. இரண்டாவதிலும் தப்பியது. குண்டு முடியும்வரை சனம் சும்மா சுட்டுத் தள்ளியது. "அக்கா, துவக்குக் கொடியேத்தக் கொடி மாதிரியெல்லோ ஆடுது!" என்று ஒருவன் கத்தினான். அவள் குண்டைக் கவ்வியபடி பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

றொஜனின் தம்பி வின்சன்ற் அன்று இரவே வந்து குசினி வாசலில் நின்றான். "அண்ணி, இனி உங்களுக்கு ஏலாது. சாட்சி வெடியை நான் வைக்கிறன். கடையும் என்ரை பேரிலை நடக்கட்டும். நீங்கள் இருந்து பலூனைக் கட்டுங்கோ."

"நயினாதீவிலையும் தவறினால் நீர் எடும்" என்றாள் ஜொய்சி. சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லை விழுங்குகிற ஆள் இல்லை அவள்.

அடுத்த கிழமை புருஷனும் பெண்சாதியும் யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் பஸ் ஏறினார்கள். பாரம் குறைந்த காற்றுத் துவக்கு வேண்டும், அதுவும் இடக்கைக்கு என்று கேட்டதும் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, இடக்கைக்காரருக்கெண்டு தனியா ஒருத்தரும் இறக்கிறேல்லை. வலக்கையைப் பழகுங்கோவன்."

"அண்ணை, நாப்பத்தாறு வயசிலை புதுப் புருசனைப் பழகெண்டாலும் பழகுவன். புதுக் கை ஏலாது."

றொஜன் வீதியால் போகிற வாகனங்களைப் பார்க்கத் தொடங்கினான்.

துவக்குகள் மேசைக்கு வந்தன. ஜொய்சி தராசு கேட்கவில்லை. அவளுக்கு ஓர் அளவு உண்டு: துவக்கைத் தோளில் வைத்தால் ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடியும்வரை வாய்முனை ஆடக்கூடாது. முதலாவதுக்குத் தோளில் வைக்கிற கட்டை நல்ல மரம், பார்வைக்கு வடிவு. பாதிச் செபத்தில் முனை தலை குனிந்தது. இரண்டாவது நல்ல இலேசு. ஆனால் வலக்கைக்காரன் கன்னம் வைக்கிற பக்கத்தில் மட்டும் கட்டை மேடாக இருந்தது. அவளுடைய கன்னம் மற்றப் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தது. கண் குறிக்கு நேரே வரவில்லை. பூட்டும் வலக்கைப் பெருவிரலுக்கு எட்டுகிற பக்கத்தில்தான். "இது என்னோடை கோவம்" என்று திருப்பி வைத்தாள்.

மூன்றாவது பிளாஸ்ரிக் கட்டை. இரண்டு பக்கமும் ஒரே நேர். பூட்டு விசைக்கு முன்னால், எந்தக் கைக்கும் எட்டுகிற இடத்தில். குழலை மடக்கிப் பார்த்தாள். கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் அது வலக்கையின் வேலை, வலக்கையில் நோவில்லை. தோளில் வைத்தாள். ஒரு செபம் முடிந்தது. இரண்டாவதும் தொடங்கியது. முனை அசையவில்லை.

எல்லாம் சரி. நிறம்தான் பிழை. பச்சையும் மண்ணிறமுமாகப் புள்ளி புள்ளியாய், படைக்காரரின் உடுப்புப் போல.

"வேறை நிறம் இல்லையோ?"

"இது ஒண்டுதான் கிடக்கு."

றொஜன் இப்போதுதான் வாயைத் திறந்தான். "இஞ்சேரும், இதோடை குறிகட்டுவான் துறைக்குப் போனால் நேவிக்காரர் எங்களை நயினாதீவு லோஞ்சிலை ஏத்தமாட்டாங்கள். ஜீப்பிலைதான் ஏத்துவாங்கள்."

ஜொய்சி துவக்கைத் தோளிலிருந்து எடுக்கவேயில்லை. "நிறத்தை மாத்தலாம். கையை மாத்தேலாது. கட்டுங்கோ அண்ணை."

வீட்டில் வள்ளத்துக்கு அடித்த நீலப் பெயின்ற் ரின்னில் மிஞ்சிக் கிடந்தது. கடற்கரைச் சனத்துக்குப் பெயின்ற் என்றால் அது ஒன்றுதான். வள்ளத்துக்கும் அதே, கதவுக்கும் அதே, மாதா கூட்டுக்கும் அதே. ஜொய்சி துவக்குக் கட்டைக்கும் அதையே அடித்தாள். பச்சை தெரிகிறதென்று இன்னொரு பூச்சு, அதற்கும் மேலே இன்னொன்று. மரத்தில் காய்கிற பெயின்ற் பிளாஸ்ரிக்கில் காயாது என்பதை யார் கண்டது? வெயிலில் வைத்தாள், காயவில்லை. அடுப்படியில் தொங்கவிட்டாள், அங்கேயும் காயவில்லை. திருவிழா வந்துவிட்டது. உரப்பையில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார்கள்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் கடற்படைப் பொடியன் பையை அவிழ்த்தான். ஊர் விதானையார் கொடுத்த அனுமதிக் கடிதத்தையும் கடைப் பற்றுச்சீட்டையும் பார்த்தான். பிறகு தன் பெருவிரலைப் பார்த்தான். நீலம். "அக்கா, பெயின்ற் ஈரம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிச் சிரித்து, விரலைப் பையிலேயே துடைத்துவிட்டுப் போகச் சொன்னான்.

பின்னேரப் பூசை முடிந்து சனம் வீதிக்கு வந்தபோது பலகை ஆயத்தம். நடுவில் வெள்ளை. வின்சன்ற்றும் அதே லோஞ்சில்தான் வந்திருந்தான். பலகைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். புளியங்கூடலில் இருந்து வந்த நிலக்ஷன் என்கிற இளந்தாரி, கூட்டாளிமாரோடு முன்னுக்கு நின்று நீலத் துவக்கைக் கண்டதும் தொடங்கினான்.

"என்னக்கா இது, சின்னப்பிள்ளையளின்ரை தண்ணித் துவக்கோ?"

"போன திருநாளிலையும் பிழைச்சதாம். இண்டைக்கும் எங்களுக்கு ஓசிதான்!" என்றான் பக்கத்தில் நின்றவன்.

ஜொய்சி உதட்டோரத்துக் குண்டை எடுத்தாள். குழலை மடக்கி, குண்டை வைத்து, மூடினாள். கன்னத்தைக் கட்டையில் வைத்தாள். உதடு அசைந்தது. சனம் பொறுமை இழந்து ஊ என்றது. அவள் செபத்தை ஓட்டிச் சொல்லவில்லை. பாதி ஊதிய பலூனை வாயில் வைத்தபடி றொஜன் அப்படியே நின்றான்.

வெள்ளை உடைந்தது.

வின்சன்ற் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். கச்சான் கடைப் பக்கமாக நடந்தான்.

ஜொய்சி கன்னத்தை எடுக்கும்போது கட்டை அதைப் பிடித்து இழுத்து, மனமில்லாமல் விட்டது. கன்ன எலும்பிலிருந்து தாடைவரை ஒரு நீலக் கோடு. முன்வரிசை வயிறு குலுங்கச் சிரித்தது. "ஐயோ அக்கா, முகத்தைப் பாருங்கோவன்!" அவள் துடைக்கவில்லை. அடுத்த குண்டை வைத்துக் குழலை மூடினாள்.

"தாங்கோ அக்கா, நான் முதல்" என்று நிலக்ஷன் வலக்கையை நீட்டினான்.

அவள் துவக்கை நீட்டினாள், இடக்கையால். அவன் கை பாதியில் நின்றது. அவள் மற்றக் கைக்கு மாற்றுவாள் என்று அவன் பார்த்தான். பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். நீட்டிய அந்த ஒற்றைக் கையில் நீலத் துவக்கு ஆடாமல் நின்றது.