குயின் தெரு மாடியில் கிரகணம்

நாகப்பட்டினத்தில் கப்பலேறி ஏழாம் நாள் காலை ஏழரை மணிக்குப் பினாங்குத் துறையில் இறங்கினேன். அக்கா வீடு இருந்த குயின் தெரு அரை மைல்கூட இல்லை. ரிக்‌ஷாவுக்குப் பத்துக் காசு. வழியெல்லாம் மறுநாள் நண்பகல் சூரிய கிரகணத்தைப் பற்றியே பேச்சு. மார்க்கெட் தெருவில் விளக்குப் புகை படிய வைத்த கண்ணாடித் துண்டுகளைக் கூவி விற்றார்கள். அத்தானும் ஒன்று வாங்கியிருந்தார்.

அக்கா மரகதத்துக்கு அப்போது ஆறு மாதம். கல்யாணத்துக்கு முன் நாகையில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். அத்தானின் தமக்கை சிவகாமி அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "கிரகணம் விடற வரைக்கும் மாடி அறையிலேயே இரு. ஜன்னலைத் தொடக்கூடாது."

மறுநாள் பதினொன்றரை மணிக்கு அக்காவுக்குத் துணையாக நானும் அந்த இருட்டறைக்குள் போனேன். கடல் கடந்து வந்தும் கிரகணத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு ஒரே எரிச்சல்.

கூரை ஓடு ஒன்றில் சின்னப் பொத்தல். அதன் வழியே பலகைத் தரையில் ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தது. சிறிது நேரத்தில் அதன் ஓரம் கடித்தாற்போல் குறைந்தது. அக்கா சட்டென்று வெள்ளை வேட்டியொன்றை அங்கே விரித்தாள்.

"ஓட்டை கோணலா இருக்கு, வெளிச்சம் எப்படி வட்டமா விழுந்துச்சு? இது சூரியனோட உருவம்டா தம்பி! அத்தானைக் கூட்டிட்டு வா. அந்தக் கரிக்கண்ணாடி கண்ணைக் கெடுத்திடும்."

தெருவில் அத்தான் நீர் வழியும் கண்களைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவரை அழைத்து வந்தேன். சத்தம் கேட்டுப் பின்னாலேயே சிவகாமி அம்மாளும் வந்துவிட்டார்.

"பிள்ளைத்தாச்சி கிரகணம் பாக்கறதா?"

"நான் வானத்தையே பாக்கலியே அண்ணி. தரையைத்தான் பாக்கறேன்."

அம்மாள் குனிந்து பார்த்தார். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வட்டம் பிறையாயிற்று. அது நகர நகர அக்கா வேட்டியையும் நகர்த்தினாள்.

"தள்ளி நில்லுடா, மறைக்குது" என்று அத்தானை அதட்டிய சிவகாமி அம்மாள், மாடிப்படியில் நின்று அண்டை வீட்டாரைக் கூப்பிட்டார்: "எல்லாரும் ஓடி வாங்க! எங்க வீட்டுப் பொண்ணு சூரியனைத் தரையில எறக்கிட்டா!"

பிறை கீற்றாக மெலிந்து, மறுபடி வளர்ந்து முழு வட்டமாகும்வரை அந்த அறையில் கால் வைக்க இடமில்லை.

ஊர் திரும்பும் கப்பலில், கடற்கரையில் பார்த்தேன், மலையேறிப் பார்த்தேன் என்று ஆளுக்கு ஆள் பெருமையடித்தார்கள். "நீங்க எங்கேருந்து பாத்தீங்க?" என்றார் ஒருவர்.

"என் அக்கா காட்டினாள், தரையில் பார்த்தேன்" என்றேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.